எல்டர் ஸ்க்ரோல்ஸ் உலகத்துக்குள் நுழைய எந்த கேம்? ஐந்து வழிகள், ஓர் ஒப்பீடு

எல்டர் ஸ்க்ரோல்ஸ் கணினி கேம் வரிசை நடக்கும் டாம்ரியல் கண்டத்தின் லோரை, அதாவது அந்தக் கற்பனை உலகத்தின் வரலாற்றையும் புராணத்தையும், ஒழுங்காகத் தெரிந்துகொள்ள ஆசைப்படுபவர்களுக்கு வழக்கமாக இரண்டு ஆலோசனைகள் கிடைக்கும். ஒன்று, வெளியான வரிசையில் ஆடுங்கள் என்பது. இன்னொன்று, கதைக்குள் இருக்கும் கால வரிசையில் ஆடுங்கள் என்பது. இரண்டுமே ஆளைப் பாதியில் நிறுத்திவிடும்.

வெளியான வரிசை என்றால் 1994-ல் வந்த அரீனாவில் தொடங்க வேண்டும். நிலவறை நிலவறையாக இறங்கி ஏறும் அந்த கேமில் பின்னால் வந்த லோரின் விதைகள்தான் இருக்கின்றன, செடி இல்லை. கால வரிசை என்றால் முதலில் வருவது எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன். அதன் கதை நடப்பது இரண்டாம் யுகம் 582-ல். ஆனால் அது எழுதப்பட்டதோ 2014-லும் அதற்குப் பிறகும். மற்ற கேம்களை ஏற்கெனவே ஆடியவர் வருவார் என்ற நினைப்பில்தான் அதன் பல இடங்கள் அமைந்திருக்கின்றன. மோரோவிண்ட் கேமில் வரும் விவெக் நகரம் ஆன்லைனில் சாரம் கட்டிய நிலையில், பாதிக் கட்டடமாக நிற்கும். முழுசாகக் கட்டி முடித்த அந்த நகரத்தின் பாலங்களில் வழி தெரியாமல் சுற்றியவருக்குத்தான் அந்தப் பாதிக் கட்டடம் ஏதாவது சொல்லும். புதிதாக வருபவருக்கு அது வெறும் சாரம்.

எங்கள் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். படிப்பதில் அலுப்பு இல்லாதவர் மோரோவிண்டில் தொடங்கலாம். பக்கம் பக்கமாகப் படிக்கப் பொறுமை இல்லாதவர் ஸ்கைரிமில் தொடங்கலாம், ஆனால் கீழே சொல்லும் பாதையில். ஆப்லிவியன் இரண்டாவது கேமாக நன்றாக இருக்கும். ஆன்லைன் மூன்றாவதாகவோ நான்காவதாகவோ வரட்டும். டாகர்ஃபால் பித்துப் பிடித்த பிறகு. விக்கி கடைசியில்.

ஏன் இப்படி என்பதற்கு, இந்த உலகத்தின் லோர் எப்படிச் செய்யப்பட்டது என்பதைப் பார்க்க வேண்டும். பல ஃபேன்டசி உலகங்களில் எல்லாம் தெரிந்த ஒரு கதைசொல்லி இருப்பார், அவர் சொல்வதே நடந்தது. டாம்ரியலில் அப்படி யாரும் இல்லை. நீங்கள் படிக்கும் ஒவ்வொரு புத்தகத்தையும் அந்த உலகத்துக்குள் இருக்கும் யாரோ ஒருவர் எழுதியிருக்கிறார். கோயில் குருக்கள், பேரரசின் அதிகாரி, தோற்ற பக்கத்து வீரன், துரத்தப்பட்ட சாமியார் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு கட்சி, ஒரு வன்மம். ஒரே போரை நான்கு பேர் நான்கு விதமாகச் சொல்வார்கள், கேம் எது சரி என்று சொல்லாது. ஆகவே கேள்வி எந்த கேமில் லோர் அதிகம் என்பதல்ல. எந்த கேம் முரண்பட்ட சாட்சியங்களை உங்கள் கையில் கொடுத்து எடைபோட வைக்கிறது என்பதே கேள்வி.

மோரோவிண்ட் (2002)

மூன்றாம் யுகம் 427. வார்டன்ஃபெல் தீவில், செய்டா நீன் என்ற சேற்றுக் கரை ஊரில் கைதியாக வந்து இறங்குகிறீர்கள். கையில் ஒரு பொட்டலம், பால்மோராவில் இருக்கும் கேயஸ் கொசாடிஸிடம் கொடுக்கச் சொல்லி ஒரு கட்டளை. வரைபடத்தில் அம்புக்குறி கிடையாது. ஊரின் பெயரைச் சொல்லி விசாரித்து, சில்ட் ஸ்ட்ரைடர் என்ற ராட்சதப் பூச்சியின் முதுகில் ஏறிப் போய், அங்கே சௌத் வால் மதுக்கடையில் விசாரித்தால் ஆள் இருக்கும் வீடு தெரியும். மேல்சட்டை இல்லாமல் உட்கார்ந்திருப்பவர்தான் பேரரசின் ஒற்றர் தலைவர்.

லோர் தேடுபவருக்கு இந்த கேம் மற்ற எல்லாவற்றையும்விடப் பொருந்துவதற்குக் காரணம், இதன் முதன்மைக் குவெஸ்டே (கதையை நகர்த்தும் பணித்தொடரே) ஆராய்ச்சிதான். கேயஸ் உங்களை முதலில் அரக்கனைக் கொல்ல அனுப்புவதில்லை, தகவல் சேகரிக்க அனுப்புகிறார். ஹாஸ்ஃபாட் அன்டபோலிஸிடம் நெரெவார் என்ற பழங்காலத் தலைவர் மறுபிறவி எடுப்பார் என்று நம்பும் நெரெவரைன் வழிபாடு பற்றியும், எதிரியின் ரகசியக் கூட்டமான ஆறாம் இல்லம் பற்றியும் கேட்க வேண்டும். அவர் சும்மா சொல்லமாட்டார், ஆர்க்ங்தாண்ட் இடிபாட்டிலிருந்து மறைந்துபோன ட்வெமர் இனத்தின் புதிர்ப்பெட்டி ஒன்றைக் கேட்பார். அடுத்து விவெக் நகரத்தில் மூன்று ஒற்றர்கள். அதில் மெஹ்ரா மிலோ, விவெக்கைக் கடவுளாக வழிபடும் கோயிலின் நூலகத்தில் வேலை செய்பவர். கோயில் தடை செய்த ஒரு புத்தகத்தின் பிரதியைத் தேடி கேயஸிடம் சேர்க்கச் சொல்வார். ஃபாரின் குவார்ட்டரில் ஜோபாஷாவின் புத்தகக் கடையில் அது கிடைக்கும். அதை வாங்கியதும் கொடுத்துவிடாதீர்கள். கோயில் சொல்வதில் எதையெல்லாம் எதிர்ப்புக் குருக்கள் மறுக்கிறார்கள் என்ற பட்டியல் அந்தப் புத்தகம். இனி வரும் ஐம்பது மணி நேரத்துக்கு எதைச் சந்தேகப்பட வேண்டும் என்பதற்கான வழிகாட்டி அதுதான்.

நடுவில் இருப்பது ரெட் மவுண்டன் போர். நெரெவார் எப்படிச் செத்தார்? போர்க்காயத்தால் என்கிறது கோயில். கூட இருந்தவர்களே கொன்றார்கள் என்கிறது நெரெவாரின் கேடயத் துணைவன் அலாண்ட்ரோ சூல் வழியாக ஆஷ்லாண்டர் பழங்குடிகளிடம் நின்ற வாய்மொழி. விவெக் கடவுளே சொன்னதாக மூன்றாவது ஒரு பதிவு இருக்கிறது. வடக்கிலிருந்து வந்த நார்டுகளின் பாடலோ அந்தப் போரில் யார் எந்தப் பக்கம் நின்றார் என்பதையே மாற்றிச் சொல்கிறது. கடைசியில் விவெக்கை நேரில் சந்திப்பீர்கள், கதையின் எதிரியான டாகோத் ஊர் என்பவரையும் சந்திப்பீர்கள். இருவரிடமும் கேட்கலாம். இருவரும் பதில் சொல்வார்கள். யாரை நம்புவது என்பது உங்கள் பாடு.

இதற்குமேல் ஒரு சங்கதி உண்டு. விவெக்கின் முப்பத்தாறு உபதேசங்கள் தீவு முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. பலர் அவற்றைத் திறந்த வேகத்தில் மூடிவிடுவார்கள். சில பிரதிகளைத் திறந்தாலே ஒரு திறன் புள்ளி ஏறும் என்பதால் வேலை முடிந்தது என்று போய்விடுவார்கள். ஆனால் 36-ஆம் உபதேசத்தின் பத்திகளுடைய முதல் எழுத்துகளைச் சேர்த்துப் பாருங்கள், இரண்டு ஆங்கிலச் சொற்கள் வரும். 29-ஆம் உபதேசத்தில் ஓர் எண் பட்டியல் இருக்கிறது. ஒவ்வோர் எண்ணையும் அந்தந்த உபதேசத்தில் அத்தனையாவது சொல்லுக்கு நகர்த்தினால் ஒரு வாக்கியக் கோவை கிடைக்கும். அதில் என்ன இருக்கிறது என்று இங்கே எழுதப்போவதில்லை. கேம் அதைப் பற்றி எந்தக் குவெஸ்டிலும் மூச்சு விடுவதில்லை என்று மட்டும் சொல்லிவைக்கிறோம்.

இனி, எங்கே ஆட்கள் கைவிடுகிறார்கள் என்பது. முதல் காரணம் சண்டை. வாள் எதிரியின் உடம்பில் பட்டது கண்ணுக்குத் தெரியும், ஆனால் அடி விழாது. உள்ளே பகடை உருள்கிறது. திறன் எண்ணும் களைப்புப் பட்டையும் சேர்ந்துதான் அடி விழுமா என்று தீர்மானிக்கின்றன. எனவே பாத்திரத்தை உருவாக்கும்போது ஓர் ஆயுதத் திறனை முதன்மைத் திறனாக வையுங்கள், அந்த வகை ஆயுதத்தையே பிடியுங்கள். குறுவாள் திறன் எடுத்தவர் நீளவாளைத் தூக்கினால் காற்றைத்தான் வெட்டுவார். ஓடினால் களைப்புப் பட்டை காலியாகும், சண்டைக்கு முன் நடந்து போங்கள் அல்லது நின்று நிரப்பிக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் தோற்கும் பத்தில் எட்டுச் சண்டைக்கு இந்த ஒன்றே மருந்து.

இரண்டாவது, வழி. ஆர்க்ங்தாண்டின் கதவு தள்ளித் திறப்பதல்ல. பக்கத்தில் குழாயில் இருக்கும் திருகுப்பிடியைத் திருக வேண்டும். உள்ளே போனதும் ஆழத்துக்கு ஓடாதீர்கள், புதிர்ப்பெட்டி முதல் மண்டபத்தை ஒட்டிய சின்ன அறையில் அலமாரித் தட்டில் இருக்கிறது. இடிபாடு முழுக்க இரண்டு மணி நேரம் துழாவிவிட்டு கேமையே அழித்தவர்கள் இருக்கிறார்கள். மூன்றாவது, ஆள் பிடிக்கவில்லை என்றால் வாய் திறக்கமாட்டார்கள். முகஸ்துதியோ பத்துக் காசோ கொடுத்து மனநிலை எண்ணை ஏற்றிவிட்டு, பேச்சுத் தலைப்புகளில் ரகசியம், வதந்தி இரண்டையும் ஒவ்வோர் ஊரிலும் சொடுக்குங்கள். நான்காவது, யாரையும் கொல்ல முடியும், கதைக்குத் தேவையானவரையும்கூட. தீர்க்கதரிசனத்தின் நூல் அறுந்தது என்று ஒரு செய்தி வந்தால் தயங்காமல் பழைய சேவுக்குத் திரும்புங்கள். ஒரே சேவில் ஆடுவது இந்த கேமில் தற்கொலை.

பழைய லேப்டாப்பிலும் ஓடும் என்பது இதன் இன்னொரு பலம். அசல் கேம் கோப்புகளை வாங்கி, அவற்றை ஓப்பன்எம்டபிள்யூ என்ற இலவச எஞ்சினில் ஏற்றுங்கள். கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத கணினிக்கும் போதும், அகலத் திரையில் எழுத்தும் தெளிவாக இருக்கும். முதல் தடவை ரசிகர்கள் செய்த பெரிய மோட் தொகுப்புகளை ஏற்றாதீர்கள், அவை புத்தகங்களையும் ஆட்களையும் சேர்த்துவிடும். எது அசல் லோர், எது ரசிகர் எழுதியது என்று பிரிக்க முடியாமல் போகும்.

ஆப்லிவியன் (2006, மறுவெளியீடு 2025)

மேலே சொன்ன முதலெழுத்து வித்தை இங்கேயும் வருகிறது. அது கையாளப்படும் விதத்திலேயே இரண்டு கேம்களின் குணமும் தெரிந்துவிடும். மிதிக் டான் என்ற ரகசியக் கூட்டத்தின் தலைவர் மங்கர் காமோரன் எழுதிய விளக்கவுரை நான்கு பாகம். நான்கையும் சேகரிப்பது முதன்மைக் குவெஸ்டின் ஒரு கட்டம். இரண்டாம் பாகம் ஆர்கேன் பல்கலைக்கழகத்தில் டார்-மீனாவிடம் கிடைக்கும். மூன்றாம் பாகம் இம்பீரியல் நகரச் சந்தையில் ஃபர்ஸ்ட் எடிஷன் கடையில் வேறொருவர் பெயரில் எடுத்துவைக்கப்பட்டிருக்கும். நான்காவதுக்குச் சாக்கடைக்குள் இறங்க வேண்டும். பத்திகளின் முதல் எழுத்துகளைச் சேர்த்தால் ஓர் இடமும் வேளையும் வரும். நீங்கள் கண்டுபிடிக்காவிட்டாலும் ஒரு நாள் காத்திருந்தால் டார்-மீனா கண்டுபிடித்துச் சொல்லிவிடுவார். மோரோவிண்ட் புதிரை வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டது. ஆப்லிவியன் புதிரையும் வைத்து விடையையும் தட்டில் நீட்டுகிறது.

அதனால் சுலபம், அதனால் கொஞ்சம் ஏமாற்றமும். ஆப்லிவியன் நடக்கும் சிரோடில் என்பது அடர்ந்த காடு, ஈரம், நெற்பயிர் என்று 1998-ல் ரெட்கார்ட் கேமோடு வந்த பேரரசுக் கையேடு வர்ணித்திருந்தது. ஆப்லிவியனில் போய்ப் பார்த்தால் ஐரோப்பியப் புல்வெளி. சட்டென்று இது தயாரிப்பாளர்களின் சோம்பல் என்று முடிவுகட்டலாம். ஆனால் மங்கரின் மூன்றாம் பாகத்தில் ஒரு வரி அதையே லோராக மாற்றிவிடுகிறது. ஒரு காலத்தில் காடாக இருந்த செம்மன்னனின் வீட்டைப் பார், நிலத்தையே மாற்றும் நிலையை அடைந்தவர் உண்டு என்கிறது. ஓட்டையை அடைத்தார்கள் என்றும் சொல்லலாம், அடைத்த விதம் அழகு என்றும் சொல்லலாம். மோரோவிண்டில் விவெக்கின் உபதேசங்களைப் புரட்டியவருக்கு அந்த நிலைக்குப் பெயர் என்ன என்று உடனே பிடிபடும். இரண்டாவது கேமாக ஆடச் சொல்வதன் காரணம் இதுதான்.

நடைமுறைக் குறிப்பு இரண்டு போதும். அசல் பதிப்பில் எதிரிகள் உங்கள் லெவலோடு சேர்ந்து வளர்வார்கள், ஆகவே க்வாட்ச் நகர முற்றுகையை முதல் சில லெவல்களுக்குள் முடித்துவிடுங்கள். தள்ளிப்போட்டால் குட்டிச்சாத்தான்கள் இருந்த இடத்தில் தடியர்கள் நிற்பார்கள். ஷிவரிங் ஐல்ஸ் விரிவாக்கத்துக்கு முதன்மைக் கதையை முடிக்கத் தேவையில்லை, நிபென் விரிகுடாவில் ஒரு தீவில் வாசல் திறந்திருக்கும். ஆப்லிவியனின் சிறந்த லோர் அங்கேதான் இருக்கிறது. 2025 மறுவெளியீட்டில் இதுவும் நைட்ஸ் ஆஃப் தி நைன் என்ற இன்னொரு விரிவாக்கமும் சேர்ந்தே வருகின்றன, ஆனால் 125 ஜிபி அளவுக்கு வட்டில் இடம் வேண்டும். லோருக்காக மட்டும் என்றால் பழைய பதிப்பே போதும். புத்தகங்களும் குவெஸ்டுகளும் அவைதாம்.

ஸ்கைரிம் (2011)

நான்காம் யுகம் 201. ஆப்லிவியனுக்கு இரண்டு நூற்றாண்டு கழித்து. நிறையப் பேரிடம் ஏற்கெனவே இருக்கும் கேம், நன்றாக ஓடும் கேம், எல்லா வசனமும் குரலில் வரும் கேம். அதுவே லோர் தேடுபவருக்குப் பொறியும்கூட. அம்புக்குறி இழுக்கும் இடமெல்லாம் ஓடி, நூறு மணி நேரம் ஆடியும் எல்ஃப் ஆட்சியாளர்களான தல்மோர் யார், டாலோஸ் என்ற தெய்வத்தின் வழிபாட்டை ஏன் தடுத்தார்கள் என்று சொல்லத் தெரியாதவர்கள் ஏராளம்.

இங்கே சாட்சியங்கள் மோதும் இடம், பேரரசுக்கும் உல்ஃப்ரிக் தலைமையிலான கிளர்ச்சியாளர்களுக்கும் நடக்கும் உள்நாட்டுப் போர். எந்தப் பக்கமும் சேரும் முன் இந்த வரிசையில் போங்கள். வைட்ரன் நகரில் டாலோஸ் சிலைக்கு முன் கத்திக்கொண்டிருக்கும் ஹைம்ஸ்கரை ஒருமுறை முழுசாகக் கேளுங்கள், எரிச்சலாக இருந்தாலும். பேரரசும் தல்மோரும் மோதிய பெரும் போர் பற்றிய வரலாற்று நூலைப் படியுங்கள். நான்காம் யுகம் 171-ல் தொடங்கி 175-ல் வைட்-கோல்ட் உடன்படிக்கையோடு முடிந்த போர் அது. மார்கார்த் நகரை உல்ஃப்ரிக் மீட்டதைக் கொடுமையாகச் சித்திரிக்கும் நூலையும் தேடுங்கள், அதை எழுதியவர் பேரரசுப் பக்கத்து ஆள் என்பதையும் மறக்காதீர்கள். பிறகு முதன்மைக் கதையில் தல்மோர் தூதரகத்துக்குள் நுழையும் குவெஸ்ட் வரும். அங்கே தல்மோர் தூதர் எலென்வெனின் பெட்டியில் உல்ஃப்ரிக் பற்றிய ரகசியக் கோப்பு இருக்கும். குவெஸ்டுக்குத் தேவையான காகிதத்தை எடுத்ததும் பலர் ஓடிவிடுவார்கள், அப்படி ஓடாமல் அதை வரி வரியாகப் படியுங்கள். போரின் இரு தரப்பும் ஜெயிக்காமல் இருப்பதில் யாருக்கு லாபம் என்று அதில் தெரியும். இதற்குப் பிறகு எந்தப் பக்கம் சேர்ந்தாலும் தெரிந்து சேர்ந்ததாக இருக்கும்.

ட்வெமர் பற்றி ஸ்கைரிமில் நிறைய இடிபாடு இருக்கிறது, விளக்கம் குறைவு. வின்டர்ஹோல்ட் கல்லூரியில் ஆர்னியெல் கேனின் குவெஸ்ட் தொடரை மட்டும் தவறவிடாதீர்கள். அவர் எதைத் திரும்பச் செய்து பார்க்க முயல்கிறார் என்பது மோரோவிண்டில் டெல் ஃபிர் கோபுரத்தின் அடியில் மிஞ்சியிருக்கும் ட்வெமரான யாக்ரம் பாகர்னைச் சந்தித்தவருக்கே முழுசாகப் புரியும். மற்றவருக்கு அவர் கிறுக்குப் பிடித்த ஓர் ஆசிரியர், அவ்வளவுதான். விண்ட்ஹெல்மின் கிரே குவார்ட்டரும் அப்படியே. நான்காம் யுகம் 5-ல் வார்டன்ஃபெல் அழிந்து ஓடிவந்தவர்களின் பேரன் பேத்திகள் அங்கே முடங்கிக் கிடக்கிறார்கள். அழிந்த அந்தத் தீவில் நடந்து பழகிய கால்களுக்கு அந்தச் சந்து வேறு மாதிரி இருக்கும்.

எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன் (2014 முதல்)

பரப்பளவில் இதை அடிக்க முடியாது. சம்மர்செட், எல்ஸ்வெயர், மர்க்மயர் என்று மற்ற பெரும்பாலான கேம்களில் பெயராக மட்டுமே இருந்த நாடுகளுக்குள் நடக்கலாம். புத்தகங்களைச் சுமக்க வேண்டியதில்லை, திறந்து பார்த்தாலே நூலகப் பட்டியலில் சேர்ந்துவிடும். லோர்புக் வகைப் புத்தகங்கள் மேஜஸ் கில்ட் தரத்தையும் ஏற்றும். 2016 இறுதியில் வந்த ஒன் டாம்ரியல் மாற்றத்துக்குப் பிறகு எந்த லெவலிலும் எங்கும் போகலாம்.

அதுவே சிக்கல். எங்கும் போகலாம் என்றால் எங்கே போவது? புதியவர் தலைநகரச் சதுக்கத்தில் நின்றால் நாலு ஆண்டுக் கதைகளின் தூதர்கள் ஒரே நேரத்தில் கையைப் பிடித்து இழுப்பார்கள். அவர்களை ஒதுக்கிவிட்டு, உங்கள் கூட்டணியின் தொடக்க நகரத்துக்குப் போய் ஹார்பரேஜ் என்ற குவெஸ்டைப் பிடியுங்கள். டாகர்ஃபால், டேவன்ஸ் வாட்ச், வல்கெல் கார்ட் இவற்றில் ஒன்று உங்களுடையது. மொலாக் பால் என்ற தீய தெய்வத்தை எதிர்க்கும் முதன்மைக் கதை முடிந்த பிறகு விரிவாக்கங்களை வெளியான வரிசையில் ஆடுங்கள். இன்னொன்று: இதில் எல்லா வீரரும் ஒரே நாயகர் என்பதால் உலகம் உங்கள் முடிவால் பெரிதாக மாறாது. சாட்சியங்களை எடைபோடும் சுகமும் குறைவு, பெரும்பாலும் கதைமாந்தர் வந்து நடந்ததை விளக்கிவிட்டுப் போவார். சர்வர்கள் வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருப்பதால் இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் ஆடுபவர்களுக்குத் தாமதம் இருக்கும். கதை ஆடுவதற்கு அது பெரிய தடையில்லை, ஐரோப்பிய சர்வரை எடுங்கள்.

டாகர்ஃபால் (1996)

இலவசம். 2009-லிருந்தே இலவசம். கேம் கோப்புகளை எடுத்து டாகர்ஃபால் யூனிட்டி என்ற ரசிகர் எஞ்சினில் ஓட்டினால் இன்றைய கணினியில் நன்றாக ஓடும். ஆயிரக்கணக்கான ஊர்கள், எல்லா ஊரிலும் ஏறக்குறைய அதே வாக்கியங்கள். முதன்மைக் கதையில் கடிதங்களுக்குக் கெடு உண்டு, கெடு தாண்டினால் கதை செத்துப்போகும். லோருக்காக இதை ஆட ஒரே ஒரு வலுவான காரணம் இருக்கிறது. இதற்குப் பல முடிவுகள் உண்டு, ஒன்றுக்கொன்று பொருந்தாதவை. பின்னால் வந்த கேம்களை எழுதியவர்கள் அதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல், மூன்றாம் யுகம் 417-ல் காலமே உடைந்து எல்லா முடிவுகளும் ஒரே நேரத்தில் நடந்தன என்று எழுதிவிட்டார்கள். இந்த வரிசையின் லோர் ஏன் இவ்வளவு விசித்திரமானது என்பதற்கு அங்கேதான் வேர்.

விக்கி

1990-களின் நடுவிலிருந்து இயங்கும் யூஇஎஸ்பி விக்கிதான் நம்பத்தக்கது. கேம் புத்தகங்கள் முழுசாக அங்கே கிடைக்கும். ஆனால் லோர் கட்டுரைகள் நான்கு சாட்சியங்களையும் பிசைந்து ஒரு பத்தியாக்கித்தான் தர முடியும், கட்டுரையின் இயல்பு அது. ஆகவே கட்டுரையை வேகமாகப் படித்துவிட்டு அடிக்குறிப்பைச் சொடுக்கி மூலப் புத்தகத்துக்குப் போங்கள், அதை எழுதியவர் யார், எந்தக் கட்சி என்று பாருங்கள். யூடியூப் விளக்கங்களில் அடிக்குறிப்பே இருக்காது. அங்கே கேட்டதை ஒரு புத்தகத்திலாவது காணும்வரை வதந்தி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேமுக்கு வெளியே எழுதப்பட்ட பிரதிகள் ஒரு தனி வகை. விவெக்கின் உபதேசங்களை எழுதிய மைக்கேல் கிர்க்பிரைட், கேமைத் தயாரித்த பெதஸ்டா நிறுவனத்தை விட்டு விலகிய பிறகும் இந்த உலகம் பற்றி இணையத்தில் எழுதினார். அவற்றை அதிகாரபூர்வம் என்று கொள்பவர்களும் உண்டு, ரசிகர் புனைவு என்று தள்ளுபவர்களும் உண்டு. விக்கி அவற்றைத் தனியாகக் குறித்து வைத்திருக்கும். மோரோவிண்டை முடிக்கும்வரை அந்தக் குறி இருக்கும் பக்கங்களைத் திறக்காதீர்கள். 29-ஆம் உபதேசத்தின் எண்களைக் காகிதத்தில் நீங்களே எண்ணிப் பார்க்கும் வாய்ப்பை அவற்றில் பாதி கெடுத்துவிடும்.